மகனுக்கு ஃபிரட்டர்னிட்டி அழைப்பு: சேர விடலாமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாணவர் விசாவில் இருக்கிறான். போன வாரம் போன் பண்ணி, கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்த ஃபிரட்டர்னிட்டி என்ற சங்கத்தில் சேர அழைப்பு வந்திருக்கிறது என்றான். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று நூறு வருடத்துக்கு மேல் பழையது, சொந்த பங்களா உண்டாம். மற்றது இந்திய வம்சாவளிப் பையன்கள் நடத்துவது. 'ஆயுளுக்கும் சகோதரர்கள்' என்கிறான். உறுதிமொழி, ரகசியச் சடங்கு எல்லாம் இருக்கிறதாம். என்னவென்று கேட்டால் 'எனக்கே இன்னும் தெரியாதுப்பா' என்கிறான். பணமும் கட்ட வேண்டும். இது மதமா, ஜாதிச் சங்கமா, குடிக்கிற கிளப்பா? நான் 1994-ல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவன். மருத்துவக் கல்லூரி மாணவர் நாவரசு ராகிங்கில் கொலையானபோது ஹாஸ்டலில் இருந்தேன். ராகிங் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?

கோவை வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும்: சேராமல் இருப்பான், அல்லது உங்களிடம் சொல்லாமல் சேருவான். இந்த வேலையில் நான் அதிகம் பயப்படுவது இரண்டாவது ரகத்துக்குத்தான். வீட்டுக்குத் தெரியாமல் சேர்ந்த பையன், அங்கே ஏதாவது தப்பாக நடந்தால் வீட்டுக்குப் போன் பண்ணமாட்டான். அதனால் முடிவை அவனோடு உட்கார்ந்து எடுங்கள். அதற்கு வேண்டிய விவரத்தை நான் தருகிறேன்.

நான் இங்கே அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் அமைப்புகளைக் கவனிக்கும் பிரிவில் இருக்கிறேன். இந்தச் சங்கங்களுக்கு வருடக் கடைசியில் கேடயம் கொடுப்பதும் நாங்கள்தான், புகார் வந்தால் கூப்பிட்டு விசாரிப்பதும் நாங்கள்தான். அதனால் ஒரேயடியாகத் திட்டவும் வராது, புகழவும் வராது.

ஃபிரட்டர்னிட்டி என்பது மாணவர்கள் தாங்களே நடத்தி, தங்கள் உறுப்பினர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கிற ஆண்கள் சங்கம். பெண்களுக்கானது சொரொரிட்டி. தலைமை அலுவலகம் ஏதாவது ஒரு ஊரில் இருக்கும். ஒவ்வொரு கல்லூரியிலும் இருப்பது அதன் கிளை, அதைச் சாப்டர் என்பார்கள். செமஸ்டர் ஆரம்பத்தில் ஆள் சேர்க்கும் வாரங்கள் உண்டு. பையன்கள் வந்து பழகுவார்கள். பிறகு கிளையில் இருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தங்களுக்குப் பிடித்தவர்களுக்கு அழைப்பு கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் இந்த ஓட்டுக்கு வெள்ளைக் கோலியும் கறுப்புக் கோலியும் வைத்திருந்தார்கள். பெட்டியில் ஒரு கறுப்புக் கோலி விழுந்தாலே பல இடங்களில் ஆள் காலி. அழைப்பை ஏற்றவன் உடனே உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. சில வாரங்கள் புது ஆளாக, பழைய பேச்சில் 'பிளெட்ஜ்' ஆக, இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சடங்கு, உறுதிமொழி, ஆயுள் உறுப்பினர் பதவி. நீங்கள் கவலைப்பட வேண்டியது இந்த இடைப்பட்ட வாரங்களைப் பற்றித்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ரகசியம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் ஃபை பீட்டா காப்பா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆசிரியர்கள் காதுக்கு எட்டாத இடத்தில் எதைப் பற்றியும் விவாதிக்க வேண்டும் என்று பையன்களுக்கு ஆசை. ரகசியக் கைகுலுக்கல், பதக்கம், கிரேக்கத்தில் ஒரு குறிக்கோள் வாசகம், அதன் முதலெழுத்துகளையே பெயராக வைத்துக்கொள்வது என இன்றைக்கு உங்கள் மகன் பார்க்கிற சாமான்கள் எல்லாம் அன்றைக்கே வந்துவிட்டன. அந்தச் சங்கம் பிற்பாடு ரகசியத்தைக் கைவிட்டு, நன்றாகப் படிக்கிறவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாகிவிட்டது. யாராவது பயோடேட்டாவில் ஃபை பீட்டா காப்பா என்று போட்டிருந்தால் பார்ட்டி ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள், மார்க் வாங்கிய ஆசாமி.

உங்கள் மகனுக்கு அழைப்பு அனுப்பிய ரகம் 1825-ல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் காப்பா ஆல்ஃபா சொசைட்டியோடு தொடங்குகிறது. இரண்டே வருடத்தில் அதே கல்லூரியில் சிக்மா ஃபை, டெல்டா ஃபை என்று இன்னும் இரண்டு வந்துவிட்டன. விடிந்தால் பிரார்த்தனை, பகலெல்லாம் மனப்பாடம் ஒப்பிப்பது, சாயங்காலம் மறுபடி பிரார்த்தனை என்று இருந்த கல்லூரிகளில், பதினெட்டு வயதுப் பையன்கள் தங்களுக்கென்று ஒரு மூலை தேடிக்கொண்டார்கள். நிர்வாகங்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தன. பிறகு கல்லூரிகள் பெருத்து ஹாஸ்டல் போதாமல் போனபோது, அதே நிர்வாகங்களுக்கு இவர்கள் வேண்டியவர்கள் ஆகிவிட்டார்கள். பையன்கள் தாங்களே வீடு பிடித்தார்கள், சமையல்காரர் வைத்தார்கள், பழைய மாணவர்களிடம் வசூல் செய்து கட்டடமும் எழுப்பினார்கள். உங்கள் மகன் சொல்கிற பங்களாக்கள் அப்படி வந்தவைதான்.

ஜாதிச் சங்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்டிருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விதான். வெகு காலம் அப்படித்தான் இருந்தன. வெள்ளையர், அதிலும் கிறிஸ்தவர் மட்டும் என்று பல சங்கங்கள் விதியிலேயே எழுதி வைத்திருந்தன. எழுதாதவை எழுதாமலே கடைப்பிடித்தன. 1948-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் ஃபை காப்பா சை சங்கத்தின் கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. தேசியத் தலைமை அந்தக் கிளையையே இடைநீக்கம் செய்தது. பையன்கள் அசையவில்லை, தனிச் சங்கமாகப் பிரிந்துபோய் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த இருபது வருடங்களில் அந்த விதிகள் ஒவ்வொன்றாக ஏட்டிலிருந்து போயின. ஏட்டிலிருந்து போனதும் வீட்டிலிருந்து போனதும் ஒரே நாளில் நடக்கவில்லை. 2015-ல்கூட ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் சிக்மா ஆல்ஃபா எப்சிலான் பையன்கள் பஸ்ஸில் போகும்போது இனவெறிப் பாட்டுப் பாடிய வீடியோ வெளியாகி, கிளையை இழுத்து மூடினார்கள்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று சங்கம் கட்டிக்கொண்டார்கள். 1898-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஒரு யூத மாணவர் சங்கம்தான் பின்னால் ஜீட்டா பீட்டா டாவ் ஆனது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1906-ல் கறுப்பின மாணவர்கள் ஏழு பேர் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷலும் அப்படியே. வாஷிங்டனில் 2011-ல் திறந்த கிங் நினைவிடத்துக்கு யோசனை சொல்லிப் பல வருடம் பின்னால் நின்று இழுத்தது இந்தச் சங்கம்தான். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-ல் பிறந்தது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, கறுப்பினப் பெண்களின் முதல் சொரொரிட்டி. நம் துளசேந்திரபுரத்தோடு தொடர்புள்ள கமலா ஹாரிஸ் அங்கே படிக்கும்போது அதில்தான் சேர்ந்தார். 2020-ல் அவர் துணை ஜனாதிபதி வேட்பாளரானபோது சொரொரிட்டிப் பெண்கள் தேர்தல் நிதிக்குச் சரியாக 19 டாலர் 8 சென்ட் அனுப்பினார்கள். பிறந்த வருடம் 1908 அல்லவா, அதற்காக. உங்கள் மகன் சொல்கிற 'ஆயுளுக்கும்' என்பது எல்லா இடத்திலும் வெறும் பேச்சல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். இந்தக் கறுப்பினச் சங்கங்களில் படிப்பு முடிந்த பிறகும் கிளை உண்டு, கூட்டம் உண்டு, வேலை உண்டு.

சரி, உங்கள் மகனின் பழைய பங்களாவுக்கு வருவோம். அங்கே போனால் வரவேற்பறையில் நின்று பேசிக்கொண்டிருக்காமல் மாடிப்படிச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒன்றாகப் பெரிய சட்டம் போட்ட படங்கள் மாட்டியிருக்கும். கோட்டும் டையும் போட்ட பையன்களின் சின்னச் சின்ன முகங்கள் வரிசை வரிசையாக, கீழே பெயர். தலைவர், பொருளாளர் போன்ற பொறுப்பாளர்கள் எடுப்பான இடத்தில். ஐம்பதுகளின் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால், முதல் கறுப்பு முகம் எந்த வருடம், முதல் இந்தியப் பெயர் எந்த வருடம் என்று சுவரே சொல்லிவிடும். முக்கியமாகக் கடைசி நான்கு படங்களைப் பார்க்கட்டும். இந்தியப் பெயர்கள் இருக்கின்றனவா? ஒரு வருடம் இருந்த பெயர் அடுத்த வருடமும் இருக்கிறதா? பொறுப்பாளர் வரிசைக்கு வந்திருக்கிறதா? இணையதளத்தில் 'எல்லோரையும் வரவேற்கிறோம்' என்று எழுத ஐந்து நிமிடம் போதும். சுவரை அப்படி எழுத முடியாது.

கொள்கை விஷயத்திலும் இதே கதைதான். எந்தச் சங்கத்தின் பக்கத்தைத் திறந்தாலும் சகோதரத்துவம், கல்வி, நேர்மை, சேவை என்று நல்ல சொற்களாகத்தான் இருக்கும். 1839-ல் ஓஹையோவில் தொடங்கிய பீட்டா தீட்டா பை ஐந்து விழுமியங்களைச் சொல்கிறது. அதில் ஒன்று பரஸ்பர உதவி, இன்னொன்று பொறுப்பான நடத்தை. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அந்தச் சங்கத்தின் வீட்டில் அழைப்பை ஏற்ற பையன்களுக்கான இரவு. திமதி பியாட்ஸா என்ற 19 வயது மாணவரைக் கொஞ்ச நேரத்தில் ஏகப்பட்ட மது குடிக்க வைத்தார்கள். அவர் நிலவறைப் படியில் உருண்டு விழுந்தார். சுற்றிலும் 'சகோதரர்கள்'. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது சுமார் 12 மணி நேரம் கழித்து. இரண்டு நாளில் இறந்துபோனார். வீட்டில் இருந்த கேமராக்களில் எல்லாம் பதிவாகியிருந்ததால்தான் இவ்வளவும் வெளியே தெரிந்தது. கொள்கையை நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை. அந்தக் கொள்கையை உண்மையாகவே எடுத்துக்கொண்டு நடக்கிற கிளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன். ஒரே பெயர், ஒரே பதக்கம், ஒரே உறுதிமொழி. ஒரு கல்லூரியில் தங்கமான பையன்கள், இருநூறு மைல் தள்ளி இன்னொரு கல்லூரியில் போலீஸ் கேஸ். ஆகவே 'இது நல்ல சங்கமா?' என்று நீங்கள் யாரிடம் கேட்டாலும் பயனில்லை. இந்தக் கிளை எப்படி, அதுவும் இந்த வருடம் எப்படி என்று கேட்க வேண்டும்.

நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு இங்கே பெயர் ஹேஸிங். நம் ஊர் ராகிங்குக்குத் தூரத்துச் சொந்தம் அல்ல, கூடப் பிறந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கேயும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முதலாண்டுப் பையன்களைப் படுத்தி எடுப்பது பல கல்லூரிகளில் வழக்கம். அது குறைந்த பிறகும் சங்கங்களுக்குள் தங்கிவிட்டது. கார்னெலில் 1873-லேயே சங்கத்தில் சேர வந்த ஒரு மாணவரை இரவில் கண்ணைக் கட்டி அழைத்துப் போனபோது பள்ளத்தாக்கில் விழுந்து இறந்தார். நம் ராகிங்குக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நம் ஹாஸ்டலில் மாட்டிக்கொள்கிறவன் விருப்பப்பட்டு வந்தவனில்லை, அட்மிஷன் கிடைத்து வந்தவன். இங்கே மாட்டிக்கொள்கிறவன் தானே ஆசைப்பட்டு வாசலில் நிற்கிறவன். அதனால் 'அவனாகத்தானே குடித்தான், அவனாகத்தானே வந்தான்' என்ற பேச்சு சுலபமாக வரும். பல மாநிலச் சட்டங்கள் இந்தப் பேச்சை ஏற்பதில்லை. சம்மதித்தான் என்பது தப்பிக்க வழியாகாது. தமிழ்நாடு 1997-ல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவர நாவரசு காரணமானது போல, பென்சில்வேனியா 2018-ல் கொண்டுவந்த சட்டத்துக்குப் பியாட்ஸாவின் பெயரையே வைத்தார்கள். மரணமோ பலத்த காயமோ ஏற்பட்டால் ஏழு வருடம் வரை சிறை. அந்தச் சட்டத்தில் உதவிக்குப் போன் செய்கிறவருக்குப் பாதுகாப்பும் இருக்கிறது. மற்ற பெரும்பாலான மாநிலங்களிலும் இப்படி ஏதாவது ஒரு விதி உண்டு. இதை உங்கள் மகன் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நண்பன் மயங்கிக் கிடக்கும்போது 'போலீஸ் வந்தால் என் விசா என்ன ஆகும்' என்று யோசித்து நிற்கிற பையன் அவனாக இருக்கக்கூடாது.

இந்திய வம்சாவளிச் சங்கம் என்றால் நம் பிள்ளைகள்தானே, பயமில்லை என்று தோன்றும். அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். இவை புதியவை. பிங்காம்டனில் 1994-ல் ஐயோட்டா நூ டெல்டா, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996-ல் சிக்மா பீட்டா ரோ, ஆஸ்டினில் 1998-ல் டெல்டா எப்சிலான் சை, லாஸ் ஏஞ்சலிஸில் 1999-ல் பீட்டா கை தீட்டா. ஐ.டி. அலைக்கு முன்னால் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழைந்த காலம் அது. தீபாவளிக்கு ஒன்றுகூடவும், அப்பா அம்மாவின் ஊர்ப் பேச்சை யாருக்கும் விளக்காமல் பேசவும் ஆட்கள் கிடைத்தார்கள். அந்த நிம்மதி லேசானதல்ல. முதல் வருடம் முழுக்க அறைக்குள்ளேயே சுருண்டு கிடந்த பையன்கள் இப்படி ஒரு கிளையில் சேர்ந்து நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த வகைச் சங்கங்களில் ஒரு செமஸ்டருக்கு ஐந்தாறு பேர்தான் சேர்வார்கள். அவர்களை ஒரு 'லைன்' என்பார்கள். யார் யார் லைனில் இருக்கிறார்கள் என்பதையே வெளியே சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் முகமூடி போட்டு அணிவகுத்து வரச் செய்து, சங்க வரலாற்றை உரக்க ஒப்பிக்கவைத்து, முகமூடியைக் கழற்றி அறிமுகப்படுத்துவார்கள். பார்க்க அருமையாக இருக்கும். அதற்கு முந்தைய வாரங்கள் யார் கண்ணிலும் படாமல் நடப்பதுதான் சிக்கல்.

2013 டிசம்பரில் நியூயார்க்கின் பரூக் கல்லூரியைச் சேர்ந்த ஒரு முதலாண்டு மாணவரை, பை டெல்டா சை என்ற ஆசிய வம்சாவளிச் சங்கத்தினர் பென்சில்வேனியாவில் போக்கனோ மலைப்பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கண்ணைக் கட்டி, முதுகில் கனமான பையை மாட்டி, உறைபனிக் குளிரில் நடக்கவிட்டு, மற்றவர்கள் பாய்ந்து பாய்ந்து தள்ளினார்கள். புலம்பெயர்ந்து வந்த ஆசியர்கள் பட்ட கஷ்டத்தை உணர்த்தும் சடங்காம். பையன் நினைவிழந்தபோது ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் இணையத்தில் அறிகுறிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் பிழைக்கவில்லை. 2018-ல் நீதிமன்றம் அந்தச் சங்கம் பத்து வருடம் பென்சில்வேனியாவில் இயங்கவே கூடாது என்று தடை விதித்தது. அப்பா அம்மா பட்ட கஷ்டத்தைப் பிள்ளைக்குச் சொல்லித்தர ஆயிரம் வழி இருக்கிறது ஐயா. இப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்தவர்கள் வெளியாட்கள் அல்ல, அதே போன்ற குடும்பத்துப் பிள்ளைகள்.

உங்கள் மகன் இரண்டு கிளைகளிலும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும் என்பேன்: 'போன வருடம் சேர வந்து பாதியில் விட்டுப் போனவர் யார்? அவரோடு நான் பேசலாமா?' நல்ல கிளையில் சட்டென்று ஒரு பெயர் வரும். 'ஆமாம், அவனுக்கு மார்க் இறங்கிவிட்டது, விலகினான், இப்போதும் எங்களோடு கிரிக்கெட் ஆடுகிறான்' என்பார்கள். சிலர் முகம் மாறும், 'எங்களில் யாரும் பாதியில் விடுவதில்லை' என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையைக் கேட்டதும் உங்கள் மகன் எழுந்து வந்துவிடலாம். பாதியில் விடவே முடியாத இடத்தில் என்ன நடந்தாலும் பொறுத்துக்கொள்வதுதான் நுழைவுச் சீட்டாக இருக்கும்.

சங்க வரலாற்றைப் படிக்கச் சொல்வது, நிறுவியவர்கள் பெயரை மனப்பாடம் செய்யச் சொல்வது, வாரம் ஒரு கூட்டம், சேவைப் பணி: இதெல்லாம் சாதாரணம். போனை வாங்கி வைத்துக்கொள்வது, ராத்திரி ஒரு மணிக்குச் சீனியருக்குச் சாப்பாடு வாங்கி வரச் சொல்வது, தூங்கவிடாமல் வரிசையில் நிற்கவைத்துக் கத்துவது, இன்ன உடைதான் போட வேண்டும் என்பது, வாரக் கடைசியில் எங்கே போகிறோம் என்று சொல்லாமல் ஊருக்கு வெளியே கூட்டிப்போவது: இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவுடனேயே விலக வேண்டும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கச் சில்லறையாகத் தெரியும். ஆனால் பெரிய விபத்துகளின் விசாரணைக் கோப்புகளில் ஆரம்பப் பக்கங்கள் இப்படித்தான் இருக்கும்.

சடங்கு ரகசியமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது பெரும்பாலும் மெழுகுவத்தி, அங்கி, கொஞ்சம் கிரேக்கம், கொஞ்சம் பைபிள் வாசகம் என்ற அளவில் ஒரு நாடகம். உள்ளே போய் வந்த பையன்களுக்குப் புல்லரிக்கும், வெளியே சொன்னால் சப்பென்று இருக்கும். இந்து, முஸ்லிம் பையன்கள் பலர் பழைய சங்கங்களில் இருக்கிறார்கள். தன் மதத்துக்கோ மனசாட்சிக்கோ விரோதமாக உறுதிமொழியில் ஏதாவது வருமா என்று முன்கூட்டியே கேட்டால் பதில் சொல்வார்கள். சடங்கு நடக்கும் தேதி, இடம், முடியும் நேரம் ஆகியவை மட்டும் ரகசியமாக இருக்கக்கூடாது. புது உறுப்பினர் காலம் எத்தனை வாரம், எந்த நாள் என்ன நிகழ்ச்சி என்று ஒரு காலண்டர் எங்களைப் போன்ற அலுவலகங்கள் கேட்டு வாங்குவது உண்டு. அதன் நகலைத் தரச் சொல்லிக் கேட்கட்டும்.

இன்னொரு வசதி இப்போது வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டத்தின்படி, ஹேஸிங் நடந்ததாக உறுதியான சங்கங்களின் பெயரை, என்ன நடந்தது, என்ன தண்டனை என்பதோடு பல்கலைக்கழகங்கள் இணையத்தில் போட வேண்டும், வருடத்துக்கு இரண்டு தடவையாவது புதுப்பிக்க வேண்டும். கோவையில் உட்கார்ந்தே நீங்கள் பார்க்கலாம். நீங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து மகனைப் பற்றிக் கேட்டால் எதுவும் சொல்லமாட்டார்கள். 1974-ன் மாணவர் அந்தரங்கச் சட்டம் மாணவனின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் வாயைத் திறக்க விடாது. சங்கத்தைப் பற்றிக் கேட்டால் சொல்ல முடியும். கேளுங்கள்.

விசா விஷயத்தை மென்று விழுங்காமல் சொல்கிறேன். இங்கே 21 வயது ஆகாமல் குடிப்பது சட்ட விரோதம். இரண்டாம் ஆண்டு மாணவனுக்குப் பெரும்பாலும் 19 அல்லது 20. அமெரிக்கக் குடிமகனான நண்பனுக்கு அபராதத்தோடு போகிற விவகாரம், உங்கள் மகனுக்கு அப்படிப் போகாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானாலே, வழக்கு முடியும் முன்பே விசாவை ரத்து செய்ய முடியும். ஹேஸிங்கில் கூட்டாளியாக இருந்து பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தால் படிப்போடு மாணவர் அந்தஸ்தும் போகும். அடுத்த வருடம் இவனே சீனியராகிப் புதுப் பையன்கள் முன்னால் நிற்பான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பாதிக்கப்படுவானோ என்று மட்டும்தான் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். என் மேஜைக்கு எதிரே அழுதுகொண்டு உட்கார்கிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் செய்தவர்கள்.

பணம்: செமஸ்டருக்குச் சில நூறு டாலர் கேட்கிற கிளையும் உண்டு, ஆயிரத்தைத் தாண்டுகிறதும் உண்டு. தலைமைக்கு எவ்வளவு, காப்பீட்டுக்கு எவ்வளவு, பார்ட்டிக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். பங்களாவில் குடியேறினால் வாடகையும் சாப்பாடும் தனி ஒப்பந்தம். பாதியில் காலி செய்தாலும் முழு வருடத்துக்குக் கட்டு என்று அதில் இருக்கலாம். காப்பீடு இருக்கிறதே என்று அசந்துவிட வேண்டாம், விதியை மீறி நடந்தவற்றுக்கு அது பெரும்பாலும் கைகொடுக்காது. இந்திய வம்சாவளிச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் பங்களா கிடையாது, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருப்பார்கள்.

இன்னொன்று, ஒன்றில் முழு உறுப்பினராகிவிட்டால் இதே ரகத்தில் இன்னொன்றுக்கு மாற முடியாது. புது ஆளாக இருக்கும்வரை விலகலாம். தொழில்சார் சங்கங்கள் வேறு கணக்கு. 1904-ல் மின்னசோட்டாவில் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய தீட்டா டாவ் போன்றவற்றில் பெண்களும் உண்டு, கூடவே சேரலாம். மூன்றாம் ஆண்டில் வகுப்பின் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் வந்தால், பொறியியல் கல்லூரியில் படிக்கிறவன் என்றால், டாவ் பீட்டா பை அமைப்பே தேடி வந்து அழைக்கும். அது மார்க்குக்கான மரியாதை.

என் அபிப்பிராயம் கேட்டால்: இரண்டாம் ஆண்டில் கூட்டம் தேடுகிற பையனைத் தடுப்பதைவிட, எந்தக் கூட்டம் என்று பார்க்க வைப்பது மேல். இரண்டு கிளைகளில் எது விலகினவனின் பெயரைத் தயங்காமல் சொல்கிறதோ, எது காலண்டரைக் கொடுக்கிறதோ, அதில் சேரட்டும். இரண்டுமே தராவிட்டால் இரண்டும் வேண்டாம். அவனோடு பேசும்போது நாவரசு கதையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அவன் பிறக்கும் முன் நடந்த விஷயம், அப்பா பயமுறுத்துகிறார் என்று காதை மூடிக்கொள்வான். அந்த இரண்டு வீட்டிலும் யார் யாரைப் பிடித்திருக்கிறது, ஏன் என்று அவனைப் பேசவிடுங்கள். கடைசியில் ஒரே ஒரு வாக்கு கொடுங்கள்: அங்கே எது நடந்தாலும், அவன் குடித்தே இருந்தாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் உங்களுக்குப் போன் பண்ணலாம், திட்டு விழாது என்று. கொடுக்கிற வாக்கு உங்களுடையது, அவனுடையதல்ல.

வெள்ளிக்கிழமைக் கெடு உங்களை அவசரப்படுத்த வேண்டாம். திங்கள் வரை நேரம் கேட்டால் பெரும்பாலான கிளைகள் தரும். நழுவிப் போனாலும் ஜனவரி செமஸ்டரில் மறுபடி ஆள் சேர்ப்பார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரையும் இரண்டு சங்கங்களின் பெயரையும் எனக்கு எழுதி அனுப்பினால், ஹேஸிங் செய்த சங்கங்களின் அந்தப் பட்டியல் பல்கலைக்கழகத் தளத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். சில பல்கலைக்கழகங்கள் அதைச் சுலபத்தில் கண்ணில் படும் இடத்தில் வைப்பதில்லை.